ஆறு மாதக் கணக்கு

அப்போது என் வேலையில் பாதி, பிள்ளை போதும் என்பவர்களுக்கு வழி சொல்வது. மீதிப் பாதி, பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு வழி சொல்வது. மரக்காணத்தை ஒட்டிய ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். ஊருக்கு நான் நர்சம்மா. தடுப்பூசி போடுவேன், கர்ப்பிணிகளைப் பதிவேட்டில் ஏற்றுவேன், இரண்டு பிள்ளை பெற்றவள் வீட்டு வாசலில் போய் நின்று ஆபரேஷனுக்குக் கையோடு அழைத்துப் போவேன். மாதம் ஒருமுறை புதிதாகக் கல்யாணமான பெண்களைக் கூட்டி வைத்துப் பேசவும் வேண்டும்.

2004-ஆம் வருடம் ஆடி கழிந்து நடந்த அப்படி ஒரு கூட்டத்தில், வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன்.

"கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் கரு நிக்கலைன்னா, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் போய் டாக்டரைப் பாக்கணும். பொண்ணுக்கு முப்பத்தஞ்சு வயசு தாண்டியிருந்தா ஒரு வருஷம்லாம் காத்திருக்கக் கூடாது. ஆறு மாசம்தான் கணக்கு."

மருமகளுக்குத் துணையாக வந்திருந்த உப்பளத்துக்காரி ஒருத்தி, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்.

"முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் நம்ம பக்கம் யாரு நர்சம்மா கல்யாணம் பண்ணாம கீறாங்க?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே நினைவு வந்திருக்க வேண்டும். நாக்கைக் கடித்துக்கொண்டாள். கூட்டத்திலிருந்த பன்னிரண்டு பெண்களும் என் கழுத்தைப் பார்த்தார்கள். என் தாலிக்கு அப்போது ஏழு மாதம். எனக்கு முப்பத்தைந்து முடிந்திருந்தது. நான் இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றிப் பேசத் தொடங்கினேன்.

கல்யாணம் தள்ளிப்போனதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. அப்பா சீக்கிரம் போய்விட்டார், வீட்டில் எனக்குத்தான் சர்க்கார் வேலை. தங்கைகள் இருவருக்கும் முடிந்தபோது எனக்கு முப்பது. அதற்குப் பிறகு வந்த வரன்கள் எல்லாம் இரண்டாம் தாரம் தேடி வந்தவை. கடைசியில் கிடைத்தவருக்கு நாற்பத்திரண்டு வயது. அவரும் அக்கா தங்கைகளைக் கரையேற்றிவிட்டு நின்றவர்தான். மரக்காணத்தில் ஒரு உப்பளத்தில் சூப்பர்வைசர். அதிகம் பேசாதவர், குடிக்காதவர், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிறவர். எனக்கு அது போதுமாக இருந்தது.

பத்து வருடமாக "வயசாயிடுச்சே, வயசாயிடுச்சே" என்று அங்கலாய்த்த உறவுக்காரர்கள், தாலி ஏறியதும் அந்தக் கவலையைச் சுத்தமாக மறந்துவிட்டார்கள். "இப்பத்தான கல்யாணம் ஆச்சி, அதுக்குள்ள என்னா" என்றார்கள். ஊர் கல்யாணத் தேதியிலிருந்து எண்ணியது. என் சினைப்பை பிறந்த தேதியிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது. இது எனக்குத் தெரியும். படம் வரைந்து மற்றவர்களுக்கு விளக்கியவளே நான்தான். ஆனாலும் ஊர்க் கணக்கு கேட்க இதமாக இருந்தது. ஆறு மாதம் முடிந்தபோது, அதில் முதல் இரண்டு மாதம் அவருக்கு உப்பு வாரும் வேலை, ஒரு மாதம் எனக்குப் பயிற்சி முகாம், ஆடியில் என் அம்மா வீட்டில் இருந்தேன், ஆகவே அதெல்லாம் கணக்கில் சேராது என்று கழித்துப் பார்த்தேன். மிச்சம் இரண்டு மாதம் வந்தது. இன்னும் நாலு மாதம் இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மாமியார் மட்டும் சும்மா இருக்கவில்லை. என்னைக் கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயிலுக்கு அழைத்துப் போய்த் தொட்டில் கட்ட வைத்தார். அடுத்து இரும்பை என்ற ஊரின் சிவன் கோயில். பஸ்ஸில் போகும்போதே நான் தவறாமல் ஆகாரத்தில் சேர்க்க வேண்டியவை, சேர்க்கக் கூடாதவை என்று ஒரு பட்டியல் சொல்லிக்கொண்டு வருவார். முருங்கைப்பூ வேண்டும், பப்பாளி கூடாது, காலையில் வெறும் வயிற்றில் ஊறவைத்த பாதாம். ஊரெல்லாம் ஆகாரப் பட்டியல் கொடுக்கும் நான் தலையாட்டிக்கொண்டு வந்தேன். கோயிலுக்குப் போவதில் ஒரு சௌகரியம் இருந்தது. அங்கே யாரும் வயது கேட்கவில்லை.

அந்த டிசம்பரில் கடல் உள்ளே வந்தது.

அதன் பிறகு நாலைந்து மாதம் எனக்கென்று நாள் கிடையாது. குப்பத்து மக்கள் தங்கியிருந்த முகாமில் தண்ணீரில் குளோரின் கலப்பதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் குழந்தைகளின் காய்ச்சலைப் பார்ப்பதுமாகப் போனது. அங்கேதான் குப்பத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். மகனும் மகளும், இரண்டையும் கடல் எடுத்துக்கொண்டது. அவளுக்கு இரண்டாவது பிறந்ததுமே ஆபரேஷனுக்கு அழைத்துப் போனவள் நான்தான். அந்த வருடம் எனக்கு நிர்ணயித்த எண்ணிக்கையில் அவள் ஒருத்தி.

முகாமில் அவள் முகத்தைப் பார்க்காமல் மருந்து கொடுத்துப் பழகியிருந்தேன். பிள்ளைகளை இழந்தவர்களுக்கு அந்த ஆபரேஷனை மாற்றி, குழாயை மறுபடி இணைத்துத் தருவார்கள் என்று அறிவிப்பு வந்தது. படிவத்தை யாரிடம் முதலில் கொடுப்பது, எப்படிப் பேச்சை எடுப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்த அன்று, மத்தியானம் அவளே வந்து நின்றாள்.

"நீங்கதான என்னை இட்டுக்கினு போனீங்க. இப்போ திருப்பி இட்டுக்கினு போங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. பஸ் எப்போது என்று கேட்பது போலத்தான் கேட்டாள். அவள் முடிவெடுக்க ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது.

காகிதமெல்லாம் சரியாகி, 2005 ஜூலையில் அவளைப் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க டாக்டரம்மா ஒருவர். அவளைப் பரிசோதித்து, ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டு, பேனாவை மூடியபடி என்னிடம் சும்மா விசாரித்தார்.

"உங்களுக்கு எத்தனை பசங்க, சிஸ்டர்?"

"இன்னும் இல்லைங்க டாக்டர்."

"கல்யாணம் ஆகி?"

"ஒண்ணரை வருஷம் ஆகுது."

"வயசு?"

"முப்பத்தாறு."

மூடிய பேனாவை அவர் திறந்தார். என்னையும் பார்த்தார், பக்கத்திலிருந்த அவளையும் பார்த்தார்.

"அப்ப, உங்க ரெண்டு பேர்ல யாரு யாருக்குத் துணையா வந்திருக்கீங்க?"

நான் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. என் பெயரில் ஒரு சீட்டு எழுதினார். "முதல்ல உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க. அவருக்கு ஒரே ஒரு டெஸ்ட், வலி கிடையாது, அன்னிக்கே ரிசல்ட். அது தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. இதெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லைதான். திரும்பும் பஸ்ஸில் குப்பத்துப் பெண் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். கோட்டக்குப்பம் தாண்டியதும் கேட்டாள்.

"அவர்கிட்ட சொல்வீங்களா?"

"சொல்லணும்."

"இன்னிக்கே சொல்லுங்க. நாளைக்குன்னா சொல்ல மாட்டீங்க."

அவள் சொன்னதுதான் நடந்தது. அன்றைக்குச் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. இருபது பெண்களுக்கு நடுவில் ஆணுறையை எப்படிப் போடுவது என்று மரக்கட்டையை வைத்துக் காட்டுகிறவள் நான். புருஷனிடம் "விந்து" என்ற ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் அவருக்குச் செய்ய வேண்டிய சுலபமான பரிசோதனையை விட்டுவிட்டு, எனக்குச் செய்ய வேண்டிய கஷ்டமானவற்றை எல்லாம் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டேன். ரத்தம் கொடுத்தேன், ஸ்கேன் எடுத்தேன். கடைசியில் மருந்தைச் செலுத்திக் கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே. அடிவயிற்றை யாரோ உள்ளிருந்து முறுக்கிப் பிழிந்தது போல ஒரு வலி. ஒரு பேச்சுவார்த்தையைத் தவிர்க்க மனுஷி எவ்வளவு தூரம் போவாள் என்று அந்த மேஜையில் படுத்திருந்தபோது தெரிந்துகொண்டேன்.

எல்லாமே சரியாக இருந்தது. என் வயதுக்கு எது இருக்க வேண்டுமோ அது இருந்தது. டாக்டர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "அவரு எங்க?" என்று மட்டும் கேட்டார்.

"சீசன் முடியலைங்க டாக்டர்" என்றேன். என் கணவரிடம் நான் இன்னும் கேட்கவே இல்லை. ஆனால் கேட்டால் இதைத்தான் சொல்வார் என்று தெரிந்ததால், அது பொய் மாதிரி தோன்றவில்லை.

எக்ஸ்ரே எடுத்த அன்று வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்திருந்தேன். மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னாம்மா, தூரமா?"

"இல்ல அத்தை. டெஸ்ட்டு ஒண்ணு எடுத்தாங்க."

"இன்னா டெஸ்ட்டு?"

மறைக்கத் தெம்பு இல்லை. சொன்னேன். டாக்டர் முதலில் யாரை வரச் சொன்னார் என்பதையும் சொன்னேன். அவருக்குக் கோபம் வரும், என் பிள்ளைக்கு என்ன குறை என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பயத்தை நான் ஊட்டி வளர்த்திருந்தேன். அவர் எழுந்து போய்க் கஞ்சி வைத்தார்.

சாயங்காலம் என் கணவர் உப்பளத்திலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். கிணற்றடியிலேயே அவர் அம்மா பிடித்துக்கொண்டார். எனக்குப் படுக்கையிலிருந்தே கேட்டது.

"ஏண்டா, உப்புத் தண்ணில அந்தக் கண்ணாடிக் குழாயை வுட்டு வுட்டு தெனம் டிகிரி பாக்குறியே. உன்னைய ஒரு தபா பாத்துக்கினா இன்னா?"

பாத்தியில் விடும் தண்ணீர் எவ்வளவு கரிக்கிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. இருபத்துநாலு டிகிரி வந்ததா என்று குழாயை மிதக்கவிட்டுப் பார்க்காமல் ஒரு பாத்திக்கும் மடை திறக்க மாட்டார். கண்ணால் பார்த்தே சொல்லிவிடும் கிழவர்களை நம்பவும் மாட்டார்.

"என்னம்மா பேசற நீ" என்றார்.

"அந்தப் பொண்ணை அங்க போட்டு குத்துறாங்க. நீ இங்க நின்னுக்கினு காலைக் கழுவுற."

வாளியைக் கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு உள்ளே வந்து, என் கால்மாட்டில் நின்றுகொண்டு, "எப்பப் போவணும்?" என்றார்.

டெஸ்ட்டுக்கு முன்னால் மூன்று நாள் சேர்க்கை கூடாது என்பதை என்னால் அப்போதும் வாயால் சொல்ல முடியவில்லை. மருந்துச் சீட்டு எழுதுவது போல ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டுச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார்.

மருத்துவமனையில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து ஓர் அறையைக் காட்டினார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் நாலைந்து பெண்கள், அவர்கள் புருஷன்மார்கள் யாரையும் காணோம். முக்கால் மணி நேரம் கழித்து அவர் வெளியே வந்தார், வியர்த்து வடிந்து.

"உள்ள ஒரு காலண்டர் மாட்டி வெச்சிருக்காங்கம்மா" என்றார் தாழ்ந்த குரலில். "கொழுகொழுன்னு ஒரு கொழந்தை. நம்மளையே பாக்குது. எப்படித்தான்…"

டப்பாவைக் கொடுத்துவிட்டாரா என்று கேட்டேன். கொடுத்துவிட்டார். பெயரும் எழுதினார். மாலையில் ரிசல்ட்டை வாங்கியபோதுதான் தெரிந்தது, டப்பாவின் மேல் என் பெயரை எழுதியிருக்கிறார். அதுவரை எல்லாக் காகிதத்திலும் என் பெயரே இருந்ததால், இதற்கும் அதுதான் முறை என்று நினைத்துவிட்டாராம். என் பெயர், என் வயது, அதற்குக் கீழே விந்தணு எண்ணிக்கை. டாக்டரம்மா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். முதல்முறையாகச் சிரித்தார்.

"சிஸ்டர், உங்களுக்கு எண்ணிக்கை ரொம்பக் கம்மியா இருக்குது."

நாங்கள் மூவரும் சிரித்துவிட்டோம். அதற்குப் பிறகு அந்தச் செய்தியைத் தாங்குவது கொஞ்சம் சுலபமாக இருந்தது என்றே நினைக்கிறேன். இருக்க வேண்டியதில் பாதி கூட இல்லை. இருப்பவையும் மெதுவாக நகர்பவை. என் கணவர் எண்களை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்: எத்தனை இருக்க வேண்டும், எத்தனை இருக்கிறது.

"மாத்திரை குடுத்து ஆறு மாசம் பாக்கலாம்னு சின்ன வயசுக்காரங்களா இருந்தா சொல்வேன்" என்றார் டாக்டர். "சிஸ்டருக்கு அந்த ஆறு மாசம் கிடையாது. அணுக்களைச் சுத்தம் பண்ணி, முட்டை வெளிய வர்ற நாள்ல நேரா கருப்பைக்குள்ள செலுத்திப் பாக்கலாம். மூணு தடவை, மிஞ்சிப்போனா நாலு. அதுக்கு மேல வேற முடிவு எடுக்கணும்."

பஸ்ஸில் திரும்பினோம். அனுமந்தை தாண்டியதும் என் கணவர் சொன்னார்.

"அப்ப இத்தினி நாளா எல்லாரும் உன்னைத்தான்…"

அதற்கு மேல் அவரால் முடிக்க முடியவில்லை. நானும் முடித்து வைக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே தன் அம்மாவிடம் அவரே சொன்னார், "கொறை எனக்குத்தாம்மா" என்று. மாமியார் மறுநாளிலிருந்து முருங்கைப்பூவையும் பாதாமையும் என் தட்டிலிருந்து எடுத்து அவர் தட்டுக்கு மாற்றினார். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றதைப் பார்த்து, பாவம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இப்படியாக முடிவெடுக்க ஒன்றே முக்கால் வருடம் எடுத்துக்கொண்ட நாங்கள், எடுத்த பிறகு ஒரு நாளும் வீணாக்கக் கூடாது என்று கிளம்பினோம். அந்த நவம்பர் மழை எங்களுக்காகக் காத்திருந்தது. ஊசி போட்டு, முட்டை வளர்ந்து, நாளை காலை வாருங்கள் என்று டாக்டர் சொன்னதற்கு மறுநாள், சாலையில் தண்ணீர் ஏறி பஸ் போகவில்லை. உப்பளம் எது, ரோடு எது என்று தெரியாமல் ஒரே வெள்ளம். முழங்காலளவு தண்ணீரில் குடையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்ற எங்களைப் பார்த்து, "எதுனா அவசரமா?" என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

"ஆமாங்க" என்றார் என் கணவர். "ரொம்ப அவசரம்."

அந்த மாதம் போயிற்று. டிசம்பரில் செய்தார்கள், நிற்கவில்லை. ஜனவரியில் செய்தார்கள், அதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும். அந்தப் பதினைந்து நாளும் போலியோ சொட்டு மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போய் "வீட்ல அஞ்சு வயசுக்குக் கீழ எத்தனை பசங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிப்ரவரியில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசினோம். இன்னும் இரண்டு முறை. அதிலும் இல்லையென்றால் சென்னைக்குப் போய்ச் சோதனைக் குழாய் வைத்தியம் பார்ப்பதில்லை, இதோடு நிறுத்திக்கொள்வது. சென்னைக்குப் போய்வர உடம்பிலோ மனதிலோ எனக்குத் தெம்பு இல்லை என்று சொன்னேன். அவர் என்னை வற்புறுத்தவில்லை. எப்போது தொடங்குவது என்பதைப் பற்றி இவ்வளவு தெளிவாக நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை. எப்போது நிறுத்துவது என்பதை அரைமணி நேரத்தில் பேசி முடித்துவிட்டோம்.

மார்ச் மாதம் கரு நின்றது.

என் பதிவேட்டில் என் பெயரை நானே எழுதிக்கொண்டேன். முப்பத்தைந்துக்கு மேல் முதல் பிரசவம் என்றால் சிவப்பு மையில் குறிக்க வேண்டும் என்பது விதி. சிவப்புப் பேனாவால் குறித்தேன். மற்றவர்கள் பெயருக்குப் பக்கத்தில் போட்டதைவிட அது கொஞ்சம் பெரிதாக விழுந்தது.

வளைகாப்புக்குக் குப்பத்துப் பெண் வந்திருந்தாள். ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்திருந்தது. டாக்டர் சொன்னபடி எல்லாம் செய்தாள், ஒரு தேதியைத் தவற விடவில்லை. வருடம் ஒன்றாகியும் அவளுக்கு நிற்கவில்லை. பந்தலின் ஓரமாகவே நின்றுகொண்டிருந்தாள். நான் கூப்பிட்டேன். பெரியவர்களில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டது தெரிந்தது. மாமியார் வளையல் தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் எனக்கு இரண்டு வளையல் போட்டுவிட்டு, சந்தனம் தடவும்போது காதருகில் சொன்னாள்.

"நான் ஓடி வந்தேன் நர்சம்மா, எனக்கு பஸ்ஸு போயிடுச்சி. நீங்க ஆடி அசைஞ்சி வந்தீங்க, உங்களுக்கு நின்னுச்சி."

அவள் சொன்னதில் பொறாமை இல்லை. உண்மை இருந்தது. ஆறுதல் சொல்ல எனக்கு எவ்வளவோ பயிற்சி கொடுத்திருந்தார்கள். அதை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த வாரம் டாக்டரிடம் மறுபடி போக வேண்டும் என்றாள். கூட வருகிறேன் என்றேன். போனேன், ஏழு மாத வயிற்றோடு. அந்த வருடக் கடைசி வரை அவளுக்கு நிற்கவில்லை.

எனக்குப் பெண் குழந்தை பிறந்தது, டிசம்பர் தொடக்கத்தில், சிசேரியனில். ரத்த அழுத்தம் ஏறி இரண்டு நாள் பயமுறுத்திவிட்டுத்தான் வந்தாள். நான் விடுப்பில் இருந்ததால் என் இடத்துக்குத் தற்காலிகமாக ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். படிப்பு முடித்துச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருக்கும். குழந்தையைப் பார்க்க ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். எடை பார்த்தாள், தொப்புளைப் பார்த்தாள், எல்லாம் சரியாகச் செய்தாள். பிறகு பையிலிருந்து படம் போட்ட அட்டைகளை எடுத்து என் முன்னால் விரித்தாள்.

"அக்கா, அடுத்த கொழந்தைக்கு மூணு வருஷமாவது இடைவெளி விடணும். இது காப்பர்-டி. இதைப் போட்டுக்கிட்டா பயமே இல்ல. சந்தேகம் எதுனா இருந்தா கூச்சப்படாம கேளுங்க."

ஒரு வரி விடாமல் சொன்னாள். நடுவில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. முழுவதையும் கேட்டேன், நல்ல மாணவி மாதிரி ஒரு சந்தேகமும் கேட்டேன். அவள் சந்தோஷமாக விளக்கிவிட்டு, தன் நோட்டில் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் தலை மறைந்ததும் மாமியார் உள்ளேயிருந்து வந்தார்.

"இன்னாவாம்?"

"அடுத்ததை மூணு வருஷம் பொறுத்துப் பெத்துக்கணுமாம், அத்தை."

மாமியார் இந்தக் குழந்தைக்கு ஆன வருடங்களையும் சேர்த்து விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தார். ஒரு கை போதாமல் மறு கைக்குப் போனார். பிறகு இரண்டு கையையும் உதறிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

"புதுசா வேலைக்கு வந்த பொண்ணா அது?" என்றார்.